மிகாமல்

ஜன்னல்களுக்குக் கறுப்புத்தாள் ஒட்டியிருந்தார்கள்.
பகல் பதினோரு மணிக்கும் விளக்கு.
யுத்தத்தின் நாலாவது அக்டோபரில்
எண்ணெய் பேசுவதற்கென்று
ராய்சினா குன்றில் கிடைத்த அறை அது.

மேஜைக்கு அந்தப் பக்கம் மலைநாட்டுத் தூதர்.
இந்தப் பக்கம் ஹார்கிரீவ்ஸ் துரை.
இடையில் பாரசீகம் தெரிந்த முன்ஷி கிர்பா ராம்.
மூலையில் நான், அண்டர்வுட், ஆறு தாள், ஐந்து கார்பன்,
தொண்ணூறு ரூபாய் சம்பளம்.

'நியூட்ரல்' என்று துரை சொன்னபோதெல்லாம்
முன்ஷி 'பீதரஃப்' என்றார்.
பக்கம் இல்லாதவன் என்று அர்த்தமாம்,
தேநீர் வேளையில் விளக்கினார்.
எங்கள் பாஷையில் நடுநிலை என்போம் என்றேன்.
"நடுவில் நிற்கிறவனா? பாவம்,
இரண்டு பக்கத்துக் கல்லும் அவன் மேல்தான்."

நான்கு நாள் பேசினார்கள்.
பனி விழுந்து கணவாய் அடைபடுமுன்
லாரிகள் ஏறியாக வேண்டும் என்றார் தூதர்.
ஆஸ்பத்திரி, மாவு மில், பள்ளிக்கூடத்து அடுப்பு.
ஆகாய விமானம் என்று அவர் சொல்லவேயில்லை.
துரை அதைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை.
அப்புறம் அந்தப் பதினேழு எஞ்சினியர்கள்,
அவர்கள் எப்போது தங்கள் தேசத்துக்குத் திரும்புவார்கள்?
"விருந்தாளியிடம் கேட்கக்கூடாத கேள்வி" என்று
தூதர் சர்க்கரையைக் கலக்கினார்.
கலக்கிக்கொண்டே இருந்தார்.

கொடுக்காவிட்டால் எதிரியிடம் போவான்.
கொட்டிக் கொடுத்தால் எதிரிக்குப் போகும்.
இந்த இரண்டு வாக்கியத்துக்கும் இடையே
எத்தனை காலன் என்பதுதான் கணக்கு.
காலன் தமிழில் எமனுக்கும் பெயர்,
அந்த அறையில் இதை யாரிடம் சொல்ல?

ஐந்தாம் நாள் விடை வந்தது.
மாதம் நாற்பதாயிரம் காலனுக்குக் குறையாமல்.
அடித்தேன். கை குலுக்கினார்கள்.

இரவு எட்டரைக்கு லண்டன் தந்தி.
கோல் மார்க்கெட் போகிற வழியில் டோங்காவை மறித்து
பியூன் என்னைத் திருப்பிக் கூட்டி வந்தான்.
"இரண்டாம் பக்கம் மட்டும், தேவசகாயம்"
என்றார் துரை, மைக்கூட்டைப் பார்த்தபடி.
குறையாமல் போய் மிகாமல் வந்தது.
ஆங்கிலத்தில் இரண்டுக்கும், இடைவெளி சேர்த்து,
பதின்மூன்று தட்டு.
வரி நகரவில்லை. ஓரம் பிசகவில்லை.
ஒரு தேசத்தின் குளிர்காலம்
அந்த அகலத்துக்குள்ளேயே புரண்டு படுத்தது.

காலையில் முன்ஷியின் விரல் ஒன்பதாம் வரியில் நின்றது.
என்னைப் பார்த்தார்.
நான் ரிப்பனைப் பார்த்தேன்.
தூதரின் காதில் ஏதோ சொன்னார்.
தூதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு
கறுப்புத்தாள் ஒட்டிய ஜன்னலை வெகுநேரம் பார்த்தார்,
அதில் மலை தெரிகிற மாதிரி.
பிறகு கையெழுத்து, வலமிருந்து இடமாக.
எழுந்து போகையில் என் மேஜையருகே நின்று
முதல் தடவையாக ஆங்கிலத்தில் பேசினார்:
"சுத்தமான வேலை. ஓர் அழிப்புகூட இல்லை."

அன்று ரெபேக்காள் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று
அரை பாட்டில் மண்ணெண்ணெய் வாங்கியிருந்தாள்.
"கார்டுக்கு அதற்குமேல் கிடையாதாம்.
அரையிலும் குறைகிறதே என்றேன்,
சிரிக்கிறான் அந்த பன்வாரி."
திரியை இறக்கினேன்.
ஆபீசில் என்ன விசேஷம் என்றாள்.
மலையில் இந்த வருஷம் பனி முந்துமாம் என்றேன்.

சனிக்கிழமை ரகசியக் குப்பை எரிக்கிற நாள்.
கார்பன் தாள் ஒன்றை விளக்குக்கு நேராகப் பிடித்தேன்.
இரண்டு தடவையும் அதே தாளைத்தான் செருகியிருந்தேன்.
ஒன்பதாம் வரியில்
ஒரு சொல்லின் மேல் இன்னொரு சொல் ஏறி
எழுத்தை எழுத்து கடித்துக்கொண்டு கிடந்தது.
இரண்டில் எதையும் படிக்க முடியவில்லை.

பின்முற்றத்தில் ராம்தன்
எல்லாவற்றையும் தகரத்தொட்டியில் கொட்டி
மண்ணெண்ணெய் டின்னைச் சாய்த்தான்.
சாய்த்தது சாய்த்தபடி நின்றான்.
போதும் என்று சொல்ல
அங்கே யாருக்கும் உத்தரவு இல்லை.